கோயிலில் இரண்டு பேர் இருந்தோம்

திருவருகைக்காலம், முதல் வாரம்
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி சாமிக்கு,

இயேசுவுக்கே புகழ் என்று நான் தொடங்குகிறேன். மரியே வாழ்க என்று நீ அங்கிருந்தே சொல்லிக்கொள். ஊரார் முன்னால் உன்னை "நீங்க, சாமி" என்று கூப்பிட்டாலும் கடிதத்தில் நீ எனக்கு "நீ"தான். உனக்கு மூக்குத் துடைத்துவிட்ட கை எழுதுகிறது, பொறுத்துக்கொள். நீ இருக்கும் மலையில் போன் எடுக்காதது ஒருவகையில் நல்லதுதான். போனில் நான் பேசினால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை வைக்க முடியாது.

முதலில் நம் கோயில் பங்குச் செய்தி. நேற்று முதல் ஊதா மெழுகுதிரி ஏற்றினோம். புதிதாக வந்திருக்கும் பங்குச்சாமியாருக்கு வயது முப்பத்திரண்டு. பார்த்தால் இன்னும் மீசை சரியாக முளைக்காதவர் போல இருக்கிறார். ஆனால் "விழித்திருங்கள்" என்ற வாசகத்தை வைத்து நன்றாகவே பிரசங்கம் செய்தார். வந்த புதிதிலேயே, போன மாதம் தொடங்கிக் கிறிஸ்து பிறப்புப் பண்டிகைவரை வெள்ளிக்கிழமைகளில் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை பீடத்தில் ஆண்டவரின் நற்கருணை அப்பத்தை வெளியே வைத்து எழுந்தேற்றம் இருக்கும், மணிக்கு ஒருவர் வந்து காவல் இருக்கட்டும் என்று அறிவித்திருந்தார். அவர் அறிவித்துவிட்டுப் போய்விட்டார். ஆள் பிடித்துப் பட்டியல் போடும் வேலை என் தலையில்தான் விழுந்தது. விழும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பீடத்துக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். எழுந்தேற்றம் செய்த நற்கருணையைத் தனியாக விட்டுப் போகக்கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு, நான் கண்டுபிடித்ததல்ல. நான் சேர்த்தது இவ்வளவுதான்: போனை அணைத்து வைக்க வேண்டும், பேச்சு கூடாது, அடுத்த ஆள் வந்து தோளைத் தொடும்வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது. இதற்கே எனக்கு "அலாரம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காதுபடவே சொல்கிறார்கள். ஊர் தூங்கினால் அலாரம் அடிக்கத்தான் வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் வெள்ளிக்கிழமையே தையல்காரர் பத்து நிமிடம் முன்னால் எழுந்து போய்விட்டார். கடையில் ஆள் காத்திருந்தாராம். பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டேன், ஆண்டவரைவிட அளவு எடுக்க வந்தவர் பெரியவரா என்று. மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம்தான், ஆனால் ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் பிறகு எல்லாரும் அப்படித்தான்.

இனி நம் வீட்டுச் செய்தி. நடுத்தம்பியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நுரையீரலில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள். அனுப்புவதற்கு முந்தின நாள் போய்ப் பார்த்தேன். அவனோடு இருக்கும் அந்தப் பெண் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனேன். இளைத்து, தோளெலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. வாய் மட்டும் இளைக்கவில்லை. சாமியாரைக் கூட்டி வரட்டுமா என்று கேட்டால், "இருபத்தாறு வருஷம் லிஃப்ட்டு ரிப்பேர் பண்ணியிருக்கேன்க்கா. எத்தனை பேரை மேலே ஏத்தி விட்டிருக்கேன். என்னை ஏத்தி விட ஒரு ஆளு வேணுமா?" என்கிறான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஜெபமாலையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் கோயில் படி மிதித்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. கணவனைப் பிரிந்து வந்த, நம் மதமும் அல்லாத ஒருத்தியுடன் அவன் குடித்தனம் வைத்த அன்று பங்கின் குடும்ப அட்டையிலிருந்து அவன் பெயரை அடிக்கச் சொன்னது நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒழுங்கு ஒழுங்குதான். ஆனால் அவன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், சாகுமுன் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் பெறாமல் போய்விடுவானோ என்றுதான் நடுராத்திரியில் எழுந்து ஜெபமாலை உருட்டுகிறேன். நீ குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவனுக்காகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் பூசை வைப்பதாகச் சொல்லியிருக்கிறாய். இன்னும் அழுத்தி வை. நாள் அதிகம் இல்லை.

உன் ஆசீரை வேண்டும்,
அக்கா


திருவருகைக்காலம், இரண்டாம் வாரம்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தம்பி சாமிக்கு,

ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். நம் நடுத்தம்பி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி அளவில் இறந்துவிட்டான். நேற்று அடக்கம் ஆயிற்று. பிஷப்பின் மேற்றிராசன அலுவலகம் மூலமாகச் சொல்லி அனுப்பியும் உனக்குச் செய்தி வந்து சேர மூன்று நாளாகும் என்றார்கள். காத்திருக்க முடியவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

நீ முதலில் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும். அவஸ்தைப் பூசுதல் பெற்றுத்தான் போனான், தம்பி. அவனே ஆள் அனுப்பினான், சாமியாரைக் கூட்டி வரச் சொல்லி. நான் பங்குச்சாமியாருடன் போனேன். அவன் கை என் கையில் இருந்தது. நெற்றியில் எண்ணெய் பூசியபோது முகம் தெளிந்துவிட்டது. உதடு அசைந்தது போல இருந்தது. இயேசுவே என்று சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். வலி இல்லாத சாவு. பதினெட்டு வருடம் வெளியே நின்றவனைக் கடைசி மணியில் ஆண்டவர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

அதனால் கல்லறைத் தோட்டத்தில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. திருவருகைக்காலம் என்பதால் பீடத்தில் பூ இல்லை. ஊதா உடையில்தான் பூசை நடந்தது. லிஃப்ட் கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் சீருடையோடு வந்திருந்தார்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் என்னையே பார்த்துப் பார்த்து எழுந்தார்கள். பூசை பாதியில் ஒருவருடைய போன் அடித்தது. எங்கேயோ லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். உடனே இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். அவனும் அப்படித்தான் ஓடுவான், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல்.

அந்தப் பெண் கடைசி பெஞ்சில் இருந்தாள். அழவில்லை.

எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. களைப்புத்தான், வேறொன்றுமில்லை. நீ நன்றிப் பூசை ஒன்று வை.

அக்கா


திருவருகைக்காலம், நான்காம் வாரம்
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மூன்று தடவை படித்தேன். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நான் எழுதியதை உன் பங்கு மக்களுக்கு வாசித்துக் காட்டினாய் என்றும், கிழவர்கள்கூட அழுதார்கள் என்றும், பல வருடமாகக் கோயிலுக்கு வராத இருவர் அன்றே பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கிறிஸ்து பிறப்புப் பூசையில் இதையே பிரசங்கமாக வைக்கப்போகிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். வைக்காதே. தபாலில் போட்டால் இது பண்டிகைக்குப் பிறகுதான் வரும் என்று, நாளை உன் பக்கம் புறப்படும் கன்னியர் மடத்துத் தாயாரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் உனக்கு எழுதியது பொய். எது பொய், எது பாதிப் பொய் என்று வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேச நீ இங்கே இல்லாததால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

அந்த வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து நான்குவரை காவல் என்னுடையது. நான்கு மணிக்குத் தையல்காரர் வர வேண்டும். கோயிலில் வேறு ஆள் இல்லை. மூன்றே காலுக்கு மேல் இருக்கும், பக்கவாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் முகம் என் முகத்துக்கு அவ்வளவு கிட்ட வந்தது அன்றுதான். மூச்சு வாங்கியது. "அவருக்கு ரொம்ப முடியலைங்க. உங்களைக் கூப்பிடுறாரு. சாமியாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்றாள்.

தம்பி, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். கேட்டுவிட்டான், கடைசியில் கேட்டுவிட்டான் என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரண்டாவதாக வந்தது என்ன தெரியுமா? இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறதே என்பது. பட்டியல் போட்டவளே எழுந்து போனால் நாளை தையல்காரர் என்ன சொல்வார் என்பது. நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். பிறகு கையால் பின்பெஞ்சைக் காட்டி, அங்கே இரு என்று சைகை செய்தேன்.

அவள் போய் இருந்தாள். முழங்காலில் இருந்தாள். நம் கோயிலில் என்ன செய்வது என்று தெரியாமல், என்னைப் பார்த்துப் பார்த்து, நான் கை குவித்தால் அவளும் குவித்து. ஏதோ செய்து முடிக்க வேண்டிய சடங்கு, அது முடியாமல் அவனுக்கு ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறாள். ஒரு சத்தம் போட்டிருக்கலாம். என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கலாம். நான் அவள் புருஷனுடைய அக்கா, சொன்னால் காரணம் இருக்கும் என்று நம்பி இருந்துவிட்டாள்.

பங்குச்சாமியார் எங்கே இருந்தார் என்று கேட்பாய். தூரத்தில் இல்லை. கோயிலை ஒட்டிய அறையில், பண்டிகைக் குடிலுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் சத்தம்கூடக் கேட்டது. இருபது அடி. ஒரு தடவை குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்.

நான்கு அடித்தது. தையல்காரர் வரவில்லை. பீடத் துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாராம், கோயில் வேலைதான், அதில் நேரம் போய்விட்டது. அவர் வந்து என் தோளைத் தொட்டபோது நான்கே கால். அந்தப் பதினைந்து நிமிடமும் நான் தம்பிக்காக ஜெபித்தேன் என்று எழுத ஆசைதான். ஜெபிக்கவில்லை. தையல்காரரைக் கூட்டத்தில் என்ன சொல்லிக் கேட்கலாம் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். நல்ல வார்த்தைகளும் கிடைத்தன.

கண்ணை இமைக்காமல் விழித்திருந்தேன். நான் அயர்ந்து தூங்கிப்போயிருந்தால் அவள் என்னைத் தட்டி எழுப்பியிருப்பாள்.

அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. அதை நான் மூன்றாம் வாரம்தான் கண்டுபிடித்தேன், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது. நற்கருணையைத் தனியாக விடக்கூடாது, அவ்வளவுதானே ஒழுங்கு? அன்று நான் எழுந்து போயிருந்தாலும் ஆண்டவர் தனியாக இருந்திருக்க மாட்டார். கோயிலில் இரண்டு பேர் இருந்தோம். நீ கொஞ்சம் இங்கே இரும்மா, நான் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் விடியும்வரை இருந்திருப்பாள். அவளை நான் ஆளாகவே எண்ணவில்லை. பதினெட்டு வருடமாக எண்ணாத பழக்கம், அன்றும் எண்ணிக்கையில் வரவில்லை.

பிறகு மூன்று பேரும் ஓடினோம். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு முன்னால் ஓடினார். நான்காவது மாடி. லிஃப்ட் வேறு எங்கேயோ நின்றிருந்தது, படியேறினோம். அவள் கதவைத் திறந்தாள். அவன் கட்டிலில் இல்லை. வாசல் கதவுக்கு இரண்டடி தள்ளி, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். சலவைச் சட்டை மாட்டியிருந்தான். பொத்தான் ஒன்று மாறிப் போயிருந்தது. எழுந்து, சட்டை போட்டு, அவ்வளவு தூரம் வந்திருக்கிறான், தனியாக. அவள் அவனை விட்டு வந்தபோது பேசிக்கொண்டிருந்தானாம். பக்கத்தில் ஒரு ஆள் இருந்து மாத்திரையும் தண்ணீரும் கொடுத்திருந்தால் இரவுவரை தாங்கியிருப்பான் என்று பிறகு டாக்டர் சொன்னார். பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரே ஆளை நான் பின்பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன்.

சாமியார் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நெற்றியில் பூசினார். வெளியே வந்து, "உடம்புல சூடு இருந்துச்சுக்கா. உயிர் இருக்கா இல்லையான்னு சந்தேகம்னா கொடுக்கலாம். கொடுத்துட்டேன். மீதியை ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார். அந்தச் சந்தேகத்தை எடுத்துத்தான் உனக்கு அவ்வளவு அழகாக எழுதினேன். கை என் கையில் இருந்தது என்றேனே, அது உண்மை. விரல்கள் மடங்கவில்லை. உதடு அசையவில்லை. முகம் தெளியவில்லை, தம்பி. யாரையோ எதிர்பார்த்து அலுத்துப்போன முகம் அது.

இதுவரை சொன்னதையாவது என் பாவம் என்று சுமந்துகொள்ளலாம். முந்தாநாள் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நீ அவளுக்கும் ஆறுதல் சொல்லச் சொல்லியிருந்தாயே, அதைப் படித்துக் காட்டலாம் என்று. நாற்காலி போட்டாள். டீ கொடுத்தாள். படித்தேன். அவன் சாமியாரைக் கேட்டதைப் பற்றி நீ எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அவரு சாமியாரைக் கேக்கலைங்க" என்றாள். "அக்காவைப் பாக்கணும் போல இருக்கு, போய்க் கூட்டிட்டு வான்னுதான் சொன்னாரு. நான்தான், சாமியாரும் வேணும்னு சொன்னா நீங்க சட்டுன்னு எந்திரிச்சு வருவீங்கன்னு நானா சேர்த்துச் சொன்னேன். பொய் சொன்னது தப்புதான். அதனாலதான் இப்படி ஆயிடுச்சோன்னு தூக்கமே இல்லை."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், தம்பி. அந்தக் கோயிலில் முழங்காலில் இருந்ததும் சரிதானா, வேறு ஏதாவது செய்திருக்க வேண்டுமா என்று கேட்டாள். நான் அவளுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று மட்டும் எவ்வளவு வேகமாக எழுந்தேன்.

நடந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பங்கில் நான் தலை காட்ட முடியாது. சொல்லலாம் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். தப்பு தன்னுடையது என்றுதான் அவள் இருக்கிறாள். பட்டியலைத் தையல்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார், முடியவில்லை என்றேன். இப்போது பண்டிகைப் பாவசங்கீர்த்தனம் நடக்கிறது. வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன், வயதானவர்களுக்கு நாற்காலி போடுகிறேன், என் முறை வரும்போது நகர்ந்து பின்னால் போய்விடுகிறேன். பங்குச்சாமியாரிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும். நாளைக் காலையில் அவள் வேலைக்குக் கிளம்புமுன் போகலாம் என்றிருக்கிறேன். நேற்றும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்காக நீ ஒன்றும் எழுத வேண்டாம். கோபம் இருந்தால் அப்படியே வைத்திரு. உன் சனிக்கிழமைப் பூசையை நிறுத்தாதே. அவன் மனம் திரும்பினானா இல்லையா என்று இனி எனக்குத் தெரியாது, அவனுக்கு மனம் திரும்ப வேண்டியிருந்ததா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் செய். அவளுக்கு ஒரு கடிதம் போடு. நாலு வரி போதும். வேதவாக்கியம் எதுவும் வேண்டாம், அவளுக்குப் புரியாது, புரிந்தாலும் இப்போது வேண்டாம். அவள் மேல் தப்பில்லை என்று எழுது. நான் சொல்லி அவள் நம்பமாட்டாள், சாமியார் சொன்னால் நம்புவாள். தொடங்கும்போது "அன்புள்ள அண்ணிக்கு" என்று தொடங்கு. நம் வீட்டிலிருந்து ஒருவராவது அவளை அப்படிக் கூப்பிட்டிருக்கட்டும்.

உன்
அக்கா